சித்தி துலக்கிய ஐந்து சென்ட்

அந்தக் காசு கருத்திருந்தது. நனைந்த சிலேட்டின் கருப்பு. சாய்த்தால் ஓரத்தில் லேசாக நீலம். சேலத்தில் பழங்காசு விற்பவரிடம் கைநிறைய அள்ளிய வெளிநாட்டுச் சில்லறையில் அது கிடந்தது. அமெரிக்காவின் ஐந்து சென்ட். திருப்பினால் ஒரு மாளிகை, அதன் குவிமாடத்துக்கு மேலே பெரிதாக ஒரு 'பி'. கடையிலேயே துள்ளிவிட்டேன். உலகப் போருக்கு நிக்கல் தேவைப்பட்ட சில ஆண்டுகளில் மட்டும் இந்தக் காசில் வெள்ளி கலந்தார்கள். அதற்கான அடையாளம் அந்தப் பெரிய எழுத்து.

கல்லூரிக்காகச் சித்தி வீட்டில் தங்கியிருந்த காலம் அது. பட்டறையிலிருந்து கருப்படித்து வரும் வெள்ளிக் கொலுசுகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று கடைக்கு அனுப்புவது சித்தியின் தொழில். என் காசுகளைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபம்தான்.

"இத்தன படிச்சுப்போட்டு அழுக்குக் காசப் பொறுக்கறியே சாமி!"

"இது வெள்ளிங்க சித்தி."

"வெள்ளியா? அதுக்கா இந்த மூஞ்சி?"

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த ஒருவரும் இதே காசுகளைச் சேர்ப்பவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் அடித்த ஐந்து சென்ட் அவரிடம் இரண்டு இருந்தது. குறைவாக அடிக்கப்பட்டது, நான் ஏங்கிக்கொண்டிருந்தது. என் காசின் படத்தை அனுப்பியதும் போனில் அழைத்தார். "அந்தக் கருப்புத்தானுங்க அழகு. நேர்ல கொண்டாங்க, மாத்திக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, கொலுசு மடிக்கும் ரோஸ் தாளில் எதையோ பொதிந்து சித்தி என் கையில் வைத்தார். பிரித்தேன். என் காசு கண்ணைக் கூச வைத்தது.

"கருப்பா ஒரு சாமான் நம்ம ஊட்ட உட்டு வெளிய போனா, வாங்கறவங்க என்ன நெனப்பாங்க?" சித்தியின் முகத்தில் அத்தனை பெருமை. ஒருவேளை நாமக்கல்காரர் கவனிக்கமாட்டாரோ என்ற நப்பாசையில் பஸ் ஏறினேன்.

அவர் லென்ஸை எடுக்கவே தேவையிருக்கவில்லை. "தேச்சுப்போட்டீங்களா! லாரிக்குத்தான் அம்மிணி பாலீஷ். இனி இது வெறும் வெள்ளி வெலைதானுங்க." டென்வர் காசு அதன் உறைக்குள் திரும்பிப் போனது.

திரும்பும் வழியெல்லாம் யோசனை. அதே உலோகம், அதே மாளிகை. போனது மேல்தோல் கருப்பு மட்டும். அப்படியானால் காசு சேர்க்கும் நாங்கள் விலை வைப்பது எதற்கு? இத்தனை வருடம் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கா? சித்திக்கோ கருப்பு என்றால் இன்னும் முடிக்காத வேலை. ஒரே கருப்பு, எங்கள் இருவருக்கும் வேறுவேறாகத் தெரிந்திருக்கிறது.

"மாத்திக்கிட்டாங்களா சாமி?" வாசலிலேயே கேட்டார்.

"குடுக்க மனசு வல்லீங்க சித்தி."

அவருக்கு அன்று முழுவதும் சிரிப்புத்தான்.

இப்போது எனக்கு வேலை, தனி வீடு. டென்வர் காசையும் வாங்கிவிட்டேன். அது உறைக்குள் இருக்கிறது. சித்தி துலக்கியது மட்டும் காற்றுப் படும்படி மேசையில் திறந்தே கிடக்கிறது. குவிமாடத்தின் ஓரம் முதலில் மஞ்சளானது, பிறகு பழுப்பு. போன வாரம் வந்திருந்த சித்தி அதை எடுத்துச் சன்னலோரம் பிடித்துப் பார்த்தார்.

"மறுக்காக் கருக்குதே! பூந்திக்கொட்ட வச்சிருக்கியா?"

சட்டென்று வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். "இருக்கட்டுங்க சித்தி. எதுவரைக்கும் போகுதுன்னு பார்க்கலாம்."

"கருக்கறதுக்கா காத்துக் கெடக்கற? நல்ல புள்ள போ!"

அவர் சமையலறைக்குப் போனதும் கையைத் திறந்து, காசைச் சாய்த்துப் பார்த்தேன். நீலம் இன்னும் வரவில்லை.