சின்னியிடம் சொன்ன பொய்

ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்த மாதவனுக்கு, ரிடையரான பிறகு பிரம்மஞானப் பித்துப் பிடித்துக்கொண்டது. ஞாயிறு மாலை தில்லை நகரில் ஒரு மாடி வீட்டில் பத்துப் பேர் கூடிப் பிரம்மஞான சபைப் புத்தகங்களைப் படிப்பார்கள். மற்றவர்கள் கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் கேட்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து நாயிடம் செய்து பார்த்தார்.

விலங்குக்குத் தனி ஆன்மா கிடையாதாம். ஒரு கூட்டத்துக்கே ஒன்றுதானாம். குடத்தில் மொண்ட டம்ளர் தண்ணீர் மாதிரி பிறக்கும், செத்தால் குடத்திலேயே கலந்துவிடும். ஆனால் ஒரு மனிதனை முழுசாக நம்பி அன்பு வைத்த நாய் குடத்துக்குத் திரும்பாது, அடுத்தது மனிதப் பிறவிதான். தன் நாய் சின்னியை அந்தப் படியில் ஏற்றிவிடுவது என்று மாதவன் முடிவு செய்தார்.

அதனால் அதனிடம் பொய்யே சொல்வதில்லை. பந்தை எறிவதுபோல் பாவலா காட்டமாட்டார். மாத்திரையைப் பிஸ்கட்டில் ஒளிக்கமாட்டார். குளிக்க வைக்கும் நாளில் வாளியைக் காட்டி, "சின்னி, இன்னிக்குக் குளியல்" என்பார். அது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வரும். மகள் பானுப்ரியா தலையில் அடித்துக்கொள்வாள். இப்படியே பதினோரு வருஷம் ஓடியது.

போன ஆடியில் சின்னிக்குத் தாடையில் புற்று வந்தது. மூன்று வாரம் சாப்பாடு இறங்கவில்லை, முனகல் மட்டும் ஓயவில்லை. ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் இரக்கம் என்று கால்நடை டாக்டர் ரெஜிஸ் வீட்டுக்கே வந்தார். சின்னி கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. கை நீட்டிய பானுப்ரியாவைக் கடிக்க வந்தது. கயிறு போட்டு இழுத்தால் தாடை தாங்காது, நீங்க கூப்பிட்டாத்தான் வரும் என்றார் டாக்டர்.

மாதவன் குனிந்து, வழக்கம்போல உள்ளதைச் சொன்னார். "சின்னி, ஊசி போடணும், வாம்மா." அது உறுமியது. அவரைப் பார்த்து உறுமியது அதுதான் முதல் தடவை.

மாதவன் எழுந்து, ஆணியில் தொங்கிய சங்கிலியை எடுத்துக் குலுக்கினார்.

"கொள்ளிடம் போலாமா?"

தினமும் காலையில் ஆற்றங்கரைக்கு நடக்கக் கிளம்பும்போது கேட்கிற கேள்வி. சின்னி வாலை ஆட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வெளியே வந்து, அவர் பாதத்தின் மேல் தலையை வைத்தது. டாக்டர் ஊசியைப் போட்டார். வால் நிற்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த ஞாயிறு, கூட்டத்தை நடத்துகிற சகாயநாதன் சார் எல்லாம் கேட்டுக்கொண்டு ஆறுதல் சொன்னார். கடைசி மூச்சிலும் உங்களை நம்பித்தானே வந்துச்சு, சந்தேகமே வேண்டாம், அது படி ஏறிடுச்சு, மனுஷப் பிறவிதான் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பதினோரு வருஷம் மாதவன் ஏங்கிக் காத்திருந்த வார்த்தை அது.

"வேணாம் சார்," என்றார். "அது குடத்துக்கே போகட்டும். மனுஷனாப் பொறந்தா, நான் பண்ணது என்னன்னு அதுக்குப் புரிஞ்சிடும்."