எர்த் கம்பியும் வெள்ளை இழையும்

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கேதான் என் ஆராய்ச்சி. ஊசி முனையில் நிற்கும் பாலிமர் கரைசலுக்குப் பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால், மின்புலம் அந்தச் சொட்டை எதிரில், எர்த் கம்பியால் மண்ணோடு இணைத்த தகட்டை நோக்கி இழுக்கும். போகிற வழியிலேயே அது உலர்ந்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழையாகப் படியும். எனக்கோ மூன்று வாரமாகச் சொட்டுதான் விழுந்தது. மறுநாள் மதிப்பீட்டுக் குழு வருகிறது.

அன்று மின்விசிறியைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியன் வந்தார். புதுப்பட்டினத்துக்காரர், நரைத்த மீசை, நெடிய உருவம். சுவிட்சை அணைத்த பிறகும் டெஸ்டரால் தொட்டுப் பார்க்காமல் கம்பியில் கை வைக்க மாட்டார்.

என் கருவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தகட்டுக்கு எர்த் கீதா சார்?"

"இருக்கே."

அவர் நம்பவில்லை. வெளியே போய் மண்ணைத் தோண்டினார். உப்பு அரித்துக் கம்பி அறுந்து கிடந்தது.

"இத்த வெச்சிகினு வேலை செஞ்சியே, தகட்டத் தொட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

புதுக்கம்பி கட்டினார். மின்சாரம் கொடுத்தேன். சொட்டு கூம்பாக நீண்டு, நுனியிலிருந்து இழை பாய்ந்தது. தகட்டில் வெள்ளைப் படலம் படிந்தது.

"இது இன்னாத்துக்கு சார்?"

"தீக்காயத்து மேல போர்த்த. தோல் சீக்கிரம் வளரும்னு நம்புறோம்."

அவர் சட்டைக் கையை மெல்ல மடித்துவிட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வெந்து சுருங்கியிருந்தது.

"சீக்கிரம் பண்ணு சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

மறுநாள் குழு என்னைப் பாராட்டியது. அப்படி வெந்த பிறகும் அந்த மனிதர் தினமும் எப்படி மறுபடி கம்பியைத் தொட்டார் என்பதுதான் இன்றும் எனக்கு விளங்கவில்லை.