கை நனைச்சிட்டுப் போன பெரிய மனுசரு

டீச்சரம்மா, பேய் பிசாசுன்னு யாராச்சும் வாயெடுத்தா "போயி வேலையப் பாருங்கடி"ன்னு வெரட்டுற ஆளு நானு. நாங்க வேதக்காரங்க வேற. இருந்தாலும் இது நடந்தது. நீங்க சிரிச்சாலும் சரி, நான் ஜெயிச்ச கதைய நாந்தான சொல்லணும்?

யுத்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல மடவார் வளாகத்துப் பக்கம் குடியிருந்தோம். எங்க வீட்டுக்காரரு ஜட்கா வண்டி ஓட்டுனாரு. என் தங்கச்சி எஸ்தரு எங்ககூட இருந்தா, இராஜபாளையம் மில்லுக்காரப் பையனுக்கு அவளப் பேசி முடிச்சிருந்தோம். ஒருநாள் பொழுது சாய, ரயில்ல வந்து எறங்குன ஒரு பெரிய மனுசர எங்க வீட்டுக்காரரு நம்ம வீட்டுக்குக் கூட்டியாந்தாரு. கூமாப்பட்டிப் பாதையில பாழடைஞ்சு கெடந்த பங்களாவ வாங்கியிருக்காராம். வெளுத்த மொகம், பழைய கோட்டு, அம்புட்டு மரியாதையான பேச்சு. ஆனா படிக்கு அந்தப் பக்கமே நிக்காரு. வந்தவுகள வாசல்ல நிக்க வைப்பமா? "உள்ள வாங்க, உள்ள வாங்க"ன்னு நாந்தான் வருந்திக் கூப்பிட்டேன்.

பொறவு தெனமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துருவாரு. ஊர்க்கதையெல்லாம் பேசுவாரு, ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டாரு. எஸ்தரு நாளுக்கு நாள் வெளிறிப் போனா, கொடத்தத் தூக்குனாலே மயக்கம். கழுத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு செவப்புப் புள்ளி. "கொசுக்கடிதான்க்கா"ன்னா. டாக்டரு மலைக்காய்ச்சல்னு கொய்னா மாத்திரை குடுத்தாரு, கேக்கல. கல்யாணம் கெடக்கட்டும், பிள்ள உசுரு தங்குமான்னு ஆயிப்போச்சு.

ஒரு சாயங்காலம் புளி போட்டு வெளக்குன செம்ப அவருக்கு முன்னால வச்சேன். செம்புல விளக்கு தெரியுது, எஸ்தரு மொகம் தெரியுது, அவரு உக்காந்திருந்த நாற்காலி மட்டும் வெறும் நாற்காலியாத் தெரியுது. நம்புனா நம்புங்க. பயமா வந்துச்சு எனக்கு? கோவம் வந்துச்சு! சுவத்துல மாட்டியிருக்குற சிலுவைக்குக் கீழயே உக்காந்து எம் பிள்ள ரத்தத்தக் குடிக்கானே!

அப்பத்தான் பொறி தட்டுச்சு. இவன் ஏன் நம்ம வீட்ல கை நனைக்கவே மாட்டேங்கான்? உப்பத் தின்னுட்டா உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ண ஏலாதுல்லா, அதான்.

அவரு எந்திரிச்சாரு. நான் வாசல மறிச்சு நின்னுக்கிட்டேன். "நான் கூப்பிட்டு வந்தீக, நான் அனுப்புனாத்தான் போகணும். கை நனைக்காம விடமாட்டேன்"னேன். படியத் தாண்டப் பாத்தாரு, காலு எழும்பல டீச்சரம்மா! வாரதுக்கு என் வார்த்தை வேணும்னா, போறதுக்கும் வேணும்போல. சோறும் உப்பு நார்த்தங்காயும் கொண்டாந்து வச்சேன். "ஏட்டி, பெரிய மனுசர்ட்ட என்ன இது"ன்னு எங்க வீட்டுக்காரரு பதறுதாரு. "நீங்க செத்த நேரம் சும்மா இருங்க"ன்னு ஒரு அதட்டு.

ஒரே ஒரு உருண்டை. முழுங்குனதும் அவரு கண்ணுல தண்ணி வந்துருச்சு. சோத்தப் பாத்து எத்தன காலமாச்சோ.

"கெட்டிக்காரி தாயி"ன்னாரு. "உப்பத் தின்னுட்டேன். இனிமே இந்த வீட்டு ரத்தம் ஒரு பொட்டுக் குறையாது. நான் பாத்துக்கிடுதேன்."

வழிய விட்டேன், போயிட்டாரு. பங்களா பூட்டியே கெடந்துச்சு. எஸ்தரு கன்னம் சிவந்து தேறிட்டா, சர்ச்சுல அவ கல்யாணத்துக்கு நாந்தான் மொத ஆளா நெஞ்ச நிமித்திட்டு நடந்தேன். நான் ஜெயிச்சேன், டீச்சரம்மா.

அந்த "பாத்துக்கிடுதேன்" மட்டும் இன்னும் விடல. எங்க வீட்லயும் கொசு இருக்கு, காதுல வந்து பாடுது, கைமேல உக்காருது. உக்காந்து, யாரோ சொல்றதக் கேக்குற மாதிரி அசையாம இருக்கும். பொறவு கடிக்காம எந்திரிச்சுப் போயிரும்.