கோமதி மேடத்தின் கீழடுக்கு

கோமதி மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, வேங்கிக்கால் அலுவலகத்தில் நான் யாரோ எழுதிய நிரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக அவருக்கு உடல்நிலை சரியில்லை. ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருந்தது, அதனாலேயே போகவில்லை.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் கோப்புகளைக் கையாளும் இடைமுகத்தை வடிவமைத்தவர் அவர். கோப்பு கணினியின் வட்டில் இருக்கலாம், சுருக்கிக் கட்டிய ஜிப்புக்குள் இருக்கலாம், வெறும் நினைவகத்திலும் இருக்கலாம். நிரலுக்கு எல்லாம் ஒன்றே. "கேக்கறவனுக்கு அது எங்க இருக்குதுன்னு எதுக்குங்க? தொறன்னா தொறக்கணும், படின்னா படிக்கணும்" என்பார்.

பிறகு இன்னோர் அடுக்கு வேண்டும் என்றார். அசல் கோப்புகள் கீழடுக்கில் தொடப்படாமல் இருக்கும். மாற்றங்கள் மேலடுக்கில் மட்டும். ஒன்றை அழித்தால், மேலே 'இல்லை' என்று ஒரு குறி விழும், அவ்வளவே. ஜாஸ்தி வேலை என்று நான் சண்டையே போட்டேன். "சரிங்க" என்றார். கைவிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு அதை நிறுவினோம். எங்கள் சோதனை நிரல் நினைவகத்தில் உள்ள போலிச் சேமிப்பில் ஓடி, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிடும். ஒரு மதியம் போலிக்குப் பதிலாக ஸ்டூடியோவின் அசல் சேமிப்பை அதனிடம் கொடுத்துவிட்டேன். இரண்டுக்கும் ஒரே இடைமுகம் ஆயிற்றே, நிரல் ஏன் தடுக்கப்போகிறது? ஸ்டூடியோவின் படப் பட்டியல் காலி. அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் வண்டி நுழையாததால் ஸ்டூடியோக்காரர் போனிலேயே அழுதார்: "சார், பன்னெண்டு வருஷக் கல்யாணப் படங்க சார்!"

கோமதி மேடம் மேலடுக்கைக் கழற்றினார். படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. என்னிடம் சொல்லாமலே அந்த அடுக்கைச் சேர்த்திருக்கிறார்.

"எப்படிம்மா ஆச்சு?" என்று முதலாளி கேட்டார். நான் வாயே திறக்கவில்லை.

"ஏதோ கோளாறு சார். சரி பண்ணிட்டேன்" என்றார் மேடம்.

சோதனையை ஓட்டியவன் பெயர் பதிவில் இருந்தது. அதை அவர் படித்துமிருந்தார். முதலாளி போனதும் திரும்பாமலே, "டீ குடிச்சிட்டு வந்து அழிச்சிருக்கலாம்ங்க" என்றார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது; இன்றும் இருக்கிறது.

இறுதிச் சடங்கு முடிந்து திரும்பியதும், அவருடைய கோப்புறையை நீக்கிவிடும்படி முதலாளி சொன்னார். முதலில் போய் டீ குடித்தேன். பிறகு வந்து நீக்கினேன். பட்டியலில் அவர் பெயர் இப்போது இல்லை. கீழடுக்கில் எல்லாம் இருக்கிறது.

போய் வாருங்கள், மேடம். அன்று அந்தச் சோதனையை ஓட்டியது நான்தான்.