ஒன்று சமம் ஐந்து

நண்பன் ஒருவனின் கணக்கைக் கெடுத்தவன் நான். நான்கு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

பதினொன்றாம் வகுப்பில் அவனுக்குக் கம்ப்யூட்டர் குரூப் வேண்டும். பத்தாவதில் கணக்கு மார்க் குறைவு. "காலாண்டுல கணக்கு பாஸாகு, இல்லைன்னா தொழிற்பிரிவுக்கு மாத்திருவோம்" என்று சொல்லித்தான் பள்ளியில் சேர்த்தார்கள்.

"உனக்குத்தான் எல்லாம் டக்குன்னு வருதுல்ல மாப்ள, எனக்கும் சொல்லிக்குடு" என்றான். குதித்துக்கொண்டு போனேன்.

செல்லூரில் அவன் வீட்டுக் கீழ்த்தளத்தில் நாலு விசைத்தறிகள். மாடியில் உட்கார்ந்தால் தரை அதிரும். பேனா மூடி தானாக நகரும். நீளமாகப் பேசினால் காதில் விழாது. அந்த வீட்டில் எல்லோருக்கும் பாதி வார்த்தை, பாதி கைச்சாடை. சாப்பிட வா என்றால் வாய்க்கு நேரே கை. போதும் என்றால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். நானும் பழகிக்கொண்டேன். அடுக்குச் சமன்பாட்டையும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

2ˣ = 32. முப்பத்திரண்டை 2⁵ என்று எழுது. இரண்டு பக்கமும் அடியில் இருப்பது ஒரே எண்ணாகிவிட்டதா? கையைக் கத்தி மாதிரி ஓங்கிக் காட்டினேன். வெட்டிரு. மேலே இருப்பது மட்டும் மிஞ்சும். x = 5.

"இம்புட்டுத்தானா?" என்று என் காதருகே கத்தினான்.

"இம்புட்டுத்தான்!"

இம்புட்டு இல்லை. நடுவில் கூட்டலோ கழித்தலோ வந்தால் வெட்டக் கூடாது; பொதுவாக இருப்பதை முதலில் வெளியே எடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்லச் சோம்பலாக இருந்தது. தறியின் மேல் பழியைப் போடவும் வழியில்லை. அன்று சாயங்காலம் கரண்ட் போய், தறிகள் நின்று, கால் மணி நேரம் தெருவே ஓய்ந்து கிடந்தது. அந்தக் கால் மணி நேரமும் லாகரிதம் எவ்வளவு அழகு என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காலாண்டில் ஐந்து மார்க் கேள்வி: 2ˣ⁺¹ − 2ˣ = 32.

நான் முதல் ஆளாகப் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அவனைத் தாண்டும்போது பார்த்தேன். குனிந்து எதையோ அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தான்.

பேப்பர் கொடுத்த அன்று கணக்கு சார் அவன் தாளை உயர்த்திப் பிடித்தார். இரண்டுகளையெல்லாம் வெட்டியிருந்தான். x + 1 − x = 5. அதன் கீழே, 1 = 5. நாலு தடவை போட்டு, நாலு தடவையும் அதுவே வந்து, கடைசியில் அதையே கட்டம் கட்டி வைத்திருந்தான். நேரம் போனதில் அடுத்த இரண்டு கணக்குகளுக்கான பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. ஃபெயில்.

"ஒண்ணும் அஞ்சும் ஒண்ணாடா? எந்த ஊருக் கணக்கு இது? யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

"சார், அவன் வீட்ல ஒரு தோசை கேட்டா அஞ்சு வைப்பாக சார்!" என்றான் பின் பெஞ்சிலிருந்து ஒருவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வேனோ என்று பயம்.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாத்தான் போட்டேன் சார்."

மறு வாரம் பையை எடுத்துக்கொண்டு தொழிற்பிரிவு நடக்கும் பின்கட்டடத்துக்குப் போனான். "வாரேன் மாப்ள" என்றான், தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல. அதற்குப் பிறகு மைதானத்தில் எதிரே வந்தால் நான்தான் வேறு பக்கம் பார்த்தேன்.

போன மாதம் காளவாசல் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கப்பலூரில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறானாம். சட்டையில் எண்ணெய்க் கறை. என் தோளில் காலேஜ் பை. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"மாப்ள, அந்தக் கணக்குக்கு விடை என்னடா? கேக்கணும்னே இருந்தேன்."

"அஞ்சு."

"அஞ்சா?" என்றான். "அஞ்சு என் பேப்பர்லயும் இருந்துச்சேடா."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கழித்தல் வந்தா வெட்டக் கூடாதுடா, அன்னைக்கு நான் சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். சிக்னல் விழுந்து வண்டிகள் அத்தனையும் ஹாரன் அடித்தன. காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையசைத்தான். இன்னும் சத்தமாகச் சொல்ல மூச்சை இழுத்தேன். அதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டு, என்னைப் பார்த்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

போதும்.