அடுக்களைக்குப் போட்ட கான்கிரீட்

கரமனையில் எங்கள் வீட்டு அடுக்களைக்கு ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்று என் கணவர் சொன்னதுமே எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆற்று மணல், கருங்கல் ஜல்லி, சிமென்ட், தண்ணீர். நாலையும் கூழ் மாதிரிக் குழைத்துத் தலைக்கு மேலே கொட்டுவார்களாம். நடுவில் இரும்புக் கம்பி கிடக்குமாம். அது கல்லாகிவிடுமாம். அதன் கீழே உட்கார்ந்து நான் ரசம் வைக்க வேண்டுமாம்! ஓடு விழுந்தால் மண்டை புடைக்கும். இது விழுந்தால்?

"அசடு! தண்ணி பட்டா சிமென்ட் தானே இறுகும். கம்பி தாங்கிக்கும்" என்று சிரித்தார். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. புதிதாக எது வந்தாலும் தாமே கண்டுபிடித்த மாதிரிதான் பேசுவார்.

கமுகந்தடிகளை முட்டுக் கொடுத்து, மேலே பலகை பரப்பி, ஒரு பகல் முழுக்கக் கொட்டினார்கள். இறுகும்வரை தடிகளை எடுக்கக் கூடாது. மேஸ்திரி சொன்ன கெடு முடிந்தும் பலகை இடுக்குகளில் ஈரம் கசிந்தது. மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மறுநாள் பால் காய்ச்ச முகூர்த்தம் வேறு பார்த்தாகிவிட்டது. எனக்கோ அதன் கீழே கால் வைக்கவே மனசில்லை.

"பேடிக்கண்டாம் அம்மா, பயப்படாதீங்கோ, ஒண்ணும் ஆகாது" என்றார் மேஸ்திரி. அவருக்கும் கான்கிரீட் புதுசு. முதல் தடியை நான்தான் தட்டி எடுப்பேன் என்று கொட்டாப்புளியை, அந்த மரச் சுத்தியலை, வாங்கிக்கொண்டு என் கணவர் உள்ளே போனார்.

வாசற்படியில் நின்ற நான் அப்போதுதான் பார்த்தேன். தடிகளில் எறும்புச் சாரை. தரையிலிருந்து பலகை வரைக்கும் கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா, சிமென்டுல எறும்புக்கு என்ன வேலை?" என்று பக்கத்தில் நின்ற மாமியாரைக் கேட்டேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "நான்தாண்டி அன்னிக்கு வேலைக்காராள்லாம் சாப்பிடப் போனப்போ, சிமென்ட் குழைக்க வச்சிருந்த பீப்பாய்த் தண்ணியில வெல்லத்தைக் கரைச்சு விட்டேன். சுண்ணாம்புக் காரைக்கு வெல்லமும் கடுக்காயும் போடாம எங்காத்துல கட்டினதே இல்லை. வெறும் தண்ணியில எப்படி நிக்கும்னு..."

மேஸ்திரி வெளியே நின்றபடியே மேலே எட்டி, கான்கிரீட்டின் விளிம்பில் ஓர் ஆணியைக் குத்தினார். பழைய சோற்றில் விரல் போகிற மாதிரி உள்ளே போனது. "ஐயோ சாமீ, தட்டாதீங்கோ!" என்று அலறினார்.

அதற்குள் என் கணவர் தட்டிய தடி சரிந்துவிட்டது. பலகை தொய்ந்து, ஈரக் குழம்பு அவர் தோளில் சொத்தென்று விழுந்தது. அண்ணாந்து பார்த்தவர் பார்த்தபடியே நின்றுவிட்டார். ஈசுவரா! "வாங்கோ!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. மாமியார்தான் பாய்ந்தார். "வாடா வெளில!" என்று வேஷ்டித் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். இருவரும் படி தாண்டவும் அந்த மூலை அப்படியே இறங்கவும் சரியாக இருந்தது. வீடு முழுக்க அதிர்ந்தது.

சர்க்கரை கலந்தால் சிமென்ட் இறுகாது என்று பிற்பாடு ஓர் ஓவர்சியர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அதெல்லாம் யார் யோசித்தார்கள்? முற்றத்தில் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்றவள் எதிரே, வேலையாட்கள் எதிரே, பட்டப்பகலில்! எங்கள் தெருவில் எந்தப் புருஷனும் செய்யாத காரியம். கூச்சத்தில் உருவிக்கொள்ளப் பார்த்தேன்.

மாமியார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "விடாதேடி. அவன் நடுங்கறான்" என்றார்.