நாலாம் நம்பர் மலைக்குக் கீழே

நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது குளிரைப் பற்றி. அடுத்தது கழிப்பறை எங்கே என்று. அதற்கும் அடுத்தது, எந்த இடத்தில் நின்றால் படம் நன்றாக விழும் என்று. இருபது வருடத்துக்கு மேலாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். பிரேக்கைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதனால் கேட்காமலே சொல்வேன். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், மலையில் வண்டியைப் பிடித்து வைப்பது கியர்தான், கால் இல்லை என்பேன். சொந்தக் காரில் வந்த கொழும்புக்காரர்களைத் தேநீர்க் கடை வாசலில் மறித்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு செல்ஃபி எடுத்த இளவட்டங்களை, அவர்கள் பாஷை எனக்குத் தெரியாவிட்டாலும், தமிழிலேயே திட்டியிருக்கிறேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்கள் சுவரோடு சுவராகக் குடியிருக்கும் வரிசை வீடுகள், டவுனிலிருந்து தலவாக்கலைப் பக்கம் இறங்கும் ஒரு குறுக்கு ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது. என் மனைவி அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். தேயிலை நிற்கும் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். அதற்கு ஒரு நம்பரும் உண்டு. ரோடு நாலாம் நம்பர் மலையின் தலைப்பக்கமாகப் போய், தூரத்தில் ஒரு பெரிய வளைவு எடுத்துத் திரும்பி, அதே மலையின் அடிப்பக்கமாக மறுபடி வரும். வண்டி சுற்றிக்கொண்டு வருவதற்குள், தேயிலைக்கு நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையில் ஓடி இறங்குகிறவர் கீழ் ரோட்டில் நின்றுவிடலாம். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் இன்னொரு வளைவு. அதில் திரும்பாமல் நேரே போனால் ரோடு இல்லை, பள்ளம்தான்.

சில வருடங்களுக்கு முன்பு கீழ்நாட்டிலிருந்து உல்லாசப் பயணம் வந்த ஒரு பஸ் அந்தப் பள்ளத்தில் விழுந்தது. அன்று நாலாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு, பஸ் தலைக்கு மேலே போகும்போதே பிரேக் தீயும் மணம் வந்துவிட்டது. அந்த மணம் தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. எல்லோரும் கையைத் தூக்கி நிறுத்து நிறுத்து என்று கத்தியிருக்கிறார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டியிருக்கிறார்கள். சிலர் போனில் படம் பிடித்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேயிலை மலையில் பெண்கள் கையாட்டினால், வாருங்கள் வாருங்கள் என்று வரவேற்பதாகத்தானே வெளியூர்க்காரர் நினைப்பார்.

பெண்கள் உடுப்பு நனையாமல் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்குகளை அவிழ்த்து, அதில் கிடத்தித்தான் ஆட்களை ரோட்டுக்குத் தூக்கி வந்தார்களாம். என் மனைவியும் தூக்கினாள். எத்தனை பேரை என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுடைய படங்கு மட்டும் மறுநாள் அடுப்பில் எரிந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ததல்ல. நாலாம் நம்பர் மலையில் வேலை நடக்கும் நாட்களில் மேலே பிரேக் மணம் வந்தால், முதலில் கை காட்டுவது. வண்டி நிற்காவிட்டால், பாதைக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில் யார் நிற்கிறாரோ அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கீழ் ரோட்டுக்கு ஓடுவது. படங்கை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நிற்பது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஆரம்பத்தில் கொழுந்து குறைகிறது என்று முணுமுணுத்தார். பிறகு அவரே விசில் அடித்து ஆளை அனுப்பத் தொடங்கினார். அப்படிப் பல வண்டிகளை நிறுத்தினார்கள். நன்றி சொன்னவர்கள் உண்டு, பிச்சை கேட்கிறார்கள் என்று ஏசியவர்களும் உண்டு. நான் வீட்டில் அவளை, டிராஃபிக் பொலிசம்மா இன்றைக்கு எத்தனை பேரைப் பிடித்தீர்கள் என்று கிண்டல் செய்வேன். மற்றக் கிண்டலுக்கெல்லாம் சிரிப்பவள் இதற்குச் சிரிக்க மாட்டாள்.

கொரோனாவும் பெட்ரோல் தட்டுப்பாடும் முடிந்து ஆட்கள் மறுபடி வரத் தொடங்கிய காலத்தில்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ஒரு பெரியவர், அவருடைய மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், இரண்டு சின்னப் பேரப் பிள்ளைகள். எட்டுப் பேர். என்னுடைய வழக்கமான வெள்ளை வேன் அன்று கராஜில் கிடந்தது. முதலாளி புதிதாக வாங்கிய சாம்பல் நிற ஆட்டோ கியர் வேனைக் கொடுத்தனுப்பினார். ஒரு கீறல் விழாமல் கொண்டுவா என்றார். காலையில் டவுன், பூந்தோட்டம், தேயிலைத் தொழிற்சாலை. பிறகு தலவாக்கலைப் பக்கம் அருவிகள். பின்னேரம் ஹட்டனில் கொழும்பு ரயில். இதுதான் திட்டம்.

நல்ல மனிதர்கள். என் பேச்சைக் கேட்டுவிட்டுப் பெரியவர், அட நம்ம பக்கத்துப் பேச்சு அப்படியே இருக்கே என்று ஆச்சரியப்பட்டார். எங்கள் முப்பாட்டன்மாரும் அந்தப் பக்கம்தான் என்றேன். அதிலிருந்து என்னைத் தம்பி என்றே கூப்பிட்டார். எனக்கும் அவர்கள் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. பூந்தோட்டத்தில் ஒரு மணி நேரம் என்றது இரண்டானது. தொழிற்சாலையில் தேயிலை வாங்கி முடியவில்லை. குறுக்கு ரோட்டின் தலைப்புக்கு வரும்போது அருவிக்கு நேரமே இல்லை, ரயிலைப் பிடித்தால் போதும் என்ற நிலை.

"தம்பி, இந்த ரயில விட்டுட்டா நாளைக்குப் பிளேனும் போயிரும்பா," என்றார் பெரியவர். அவர் அதட்டவில்லை, கெஞ்சினார். அதட்டியிருந்தால் நான் பதிலுக்கு முறைத்துக்கொண்டு மெதுவாகவே ஓட்டியிருப்பேன். என் குணம் அப்படி.

இறக்கம் தொடங்கியதும் கியரை இரண்டில் போட்டேன். இன்ஜின் உறுமியது. உறுமத்தான் செய்யும், வண்டியை அதுதானே பிடித்திருக்கிறது. ஆனால் பின்னால் இருந்த அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. வண்டி ஏன் இப்படிக் கத்துகிறது, ஏதாவது கோளாறா என்று கேட்டார். மூத்த மகன் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் கியரை மறுபடி, சமதரையில் ஓட்டும் டியில் போட்டேன். உறுமல் நின்றது. வேன் வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்பாடா, இப்பத்தான் நல்லா இருக்கு என்றார் அந்த அம்மா. சத்தம் இருந்தால் ஆபத்து, சத்தம் இல்லையென்றால் சுகம் என்று சமதரையில் இருந்து வருகிறவர்கள் நினைப்பது இயல்பு. எனக்கு அப்படி இல்லையென்று தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினேன். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததால் வேன் முழுக்கத் தைலமும் தோடம்பழத் தோலும் மணத்தன. வேறு மணம் எதுவும் எனக்கு வரவில்லை.

நாலாம் நம்பர் மலையின் தலைப்பக்கத்தில் வந்தபோது, கீழே தேயிலைக்குள் நின்ற பெண்கள் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். பிள்ளைகள் இரண்டும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு கையாட்டின. மருமகள் ஒருத்தி போனை எடுத்தாள். அந்தக் கைகளுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அந்த வேனில் நான்தான். ஆனால், பிள்ளைகளைப் பார்த்துத்தான் கையாட்டுகிறார்கள் என்று நினைத்தேன். புது வண்டி, இருபது வருட டிரைவர். எனக்கா கை காட்டுவார்கள்? அப்படித்தான் என் புத்தி போயிற்று.

பெரிய வளைவில் காலை அழுத்தினேன். பெடல், ஈரச் சாக்கில் மிதித்த மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தேன். இன்னும் உள்ளே போனது. வேன் வளைவை எப்படியோ எடுத்தது. கீழ் ரோடு நேராகக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு பெண் படங்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதற்கு மேல் எழுதுவதுதான் கஷ்டம். நான் ஹோர்னை அழுத்தினேன். கையை எடுக்காமல் அழுத்தினேன். விலகு, விலகு என்று. மேட்டுப் பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கான் இருந்தது, அதற்கப்பால் மண்சுவர் இருந்தது. வண்டியை அதில் தேய்த்து நிறுத்தலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. பலருக்கு நானே சொல்லிக் கொடுத்த வித்தைதான். ஆனால் வண்டி புதுசு, உள்ளே பிள்ளைகள், பெடல் எப்படியும் திரும்பி வரும் என்று ஒரு நப்பாசை. இதெல்லாம் ஒரு நொடிக்குள் ஓடியது. கை ஹோர்னிலேயே இருந்தது. அவள் விலகவில்லை. வேன் இன்னும் கிட்டப் போனது. படங்குக்கு மேலே முகம் தெரிந்தது. என் மனைவி.

அப்போதுதான் வளைத்தேன். கியரை ஆகக் குறைந்த எல்லில் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மேட்டுப் பக்கம் திருப்பினேன். முன்சக்கரம் கானுக்குள் இறங்கியது. வேன் மண்சுவரைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது. அவளுக்கும் வேனுக்கும் இடையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் நீளம்கூட இருக்காது.

யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இளைய மகனுக்கு நெற்றியில் வெட்டு, அம்மாவுக்குக் கைமூட்டில் வீக்கம். பிள்ளைகள் அழுதன. என் மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். போய்க் கதவைத் திறந்து பிள்ளைகளை இறக்கினாள். புகைந்துகொண்டிருந்த சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போன மூத்த மகனைத் தடுத்து, சூட்டில் ஊற்றினால் வெடித்துவிடும் என்றாள். மற்றப் பெண்கள் தங்கள் போத்தல்களில் இருந்த தேநீரை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். பெரியவர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் என் மனைவி என்று நான் அவரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. வேறு வேன் வரவழைத்து அவர்களை அனுப்பி வைத்தேன். ரயில் போய்விட்டிருந்தது. இரவோடு இரவாக ரோட்டிலேயே கொழும்புக்குப் போய்ப் பிளேனைப் பிடித்ததாகப் பிறகு அறிவித்தார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று முதலாளி முதற்கொண்டு எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். யானைக்குச் சறுக்கினால் யானை மட்டும்தான் விழும். என் முதுகுக்குப் பின்னால் எட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு அந்தப் பழமொழி ஒத்துவரவில்லை.

அன்று பொழுது சாயும்போது வீட்டுக்குப் போனேன். அவள் எனக்கு முன்னால் சாப்பாட்டை வைத்தாள். எனக்குள் ஒரு எண்ணம் வளர்ந்துகொண்டே இருந்தது: புருஷன் வண்டியென்று தெரிந்துதான் உயிரை வெறுத்து நின்றிருக்கிறாள். அதை அவள் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டேன்.

"ஒங்க வண்டின்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் வெள்ள வேன்ல போறதா சொல்லிட்டுப் போனீங்களே," என்றாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு கோபம் வந்தது. முன்பின் தெரியாதவர்களுக்காக நடுரோட்டில் போய் நிற்கிறாயே, உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் நம் மகளுக்கு யார், கொஞ்சமாவது யோசித்தாயா என்று சத்தம் போட்டேன். தப்புச் செய்தவனுக்குத்தான் சத்தம் கூடுதலாக வரும். நான் முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹோர்ன் அடிச்சிக்கிட்டேதான் வந்தீங்க. என் மூஞ்சிய பாத்த பொறவுதான் வளைச்சீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்." என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "இன்னைக்கு நான் ஒரு நிரை தள்ளி நின்னிருந்தா, நான் இல்ல, பக்கத்து வீட்டு அக்காதான் ஓடியிருப்பாங்க. அவங்களா இருந்தா வளைச்சிருப்பீங்களாங்க?"

அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. வளைத்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.